டர்போசார்ஜர் மாற்றம்: திறன், இணக்கம், ஒலி

அடுப்பில் விறகு மங்கி எரியும்போது ஊதுகுழலை எடுத்து ஊதுவது வீட்டு வழக்கம். விறகு கூடவில்லை, அடுப்பும் பெரிதாகவில்லை, காற்று மட்டுமே மிகுந்தது. ஆயினும் தீ கொழுந்துவிட்டு எரிகிறது. மோட்டார் எஞ்சினும் ஒருவகை அடுப்பே. அதன் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று செல்கிறதோ அவ்வளவு எரிபொருளைத்தான் எரிக்க முடியும். டர்போசார்ஜர் என்பது இந்த அடுப்பிற்கு வாய்த்த ஊதுகுழல். அதைச் சுழற்றுவது அடுப்பிலிருந்து வெளியேறும் புகையே என்பதுதான் இதன் தனிச் சிறப்பு.

வேக மோட்டார் வண்டிகளை விரும்புவோர் பலர், தொழிற்சாலை பொருத்திய டர்போசார்ஜரைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றை வைக்க விழைகின்றனர். அவர்கள் வேண்டுவன மூன்று: மிகுந்த திறன், ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் எழுந்து செயல்படும் இணக்கம், கேட்போரைத் திரும்பிப் பார்க்கச் செய்யும் ஒலி. இம்மூன்றும் ஒரே கழிவு வாயுவின் ஆற்றலிலிருந்து பிறப்பவை. ஆகவே ஒன்றிற்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றொன்றில் குறையும். இதை உணராது செய்யப்பட்ட மாற்றத்தில் பிஸ்டன் உருகுவதும், டர்பைன் சக்கரம் உடைவதும், சில சமயம் வண்டி தீப்பற்றுவதும் நேர்கின்றன. தொழிற்பயிற்சி ஆசிரியர்களும், வண்டிகளைப் பார்வையிடும் களப் பணியாளர்களும் இதன் காரணங்களை அறிந்திருப்பது இன்றியமையாதது.

அமைப்பும் செயலும்

டர்போசார்ஜரில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரு சக்கரங்கள் உள்ளன. ஒன்று டர்பைன், மற்றது கம்ப்ரெஸர். இரண்டும் நத்தை ஓடு போன்ற கூடுகளுக்குள் சுழல்கின்றன. சிலிண்டரிலிருந்து வெளியேறும் சூடான வாயு டர்பைன் இதழ்களைத் தாக்கிச் சுழற்றுகிறது. தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரெஸர் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது.

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவு வாயுவோடு வீணே வெளியேறுகிறது. அப்பங்கில் ஒரு சிறு பகுதியை டர்பைன் மீட்டுத் தருகிறது. ஆனால் இது முற்றிலும் இலவசமன்று. டர்பைன் வாயுவின் வழியில் ஒரு தடையாக நிற்பதால், பிஸ்டன் கழிவு வாயுவை வெளியே தள்ளச் சற்று மிகுதியாக உழைக்க வேண்டியுள்ளது.

காற்றின் அமுக்கம் வரம்பு மீறாதிருக்க வேஸ்ட்கேட் என்னும் கதவு உள்ளது. குறித்த அமுக்கம் எட்டியவுடன் அது திறந்து, வாயுவின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் நேரே புகைக்குழாய்க்கு அனுப்பிவிடும். அமுக்கப்பட்ட காற்றைக் குளிரவைக்கும் சாதனம் இன்டர்கூலர் எனப்படும்.

சுழற்சியின் வேகம் வியப்பிற்குரியது. மோட்டார் வண்டிகளின் சிறு டர்போசார்ஜர்கள் நிமிடத்திற்கு 1,50,000 சுற்றும் அதற்கு மேலும் சுழல்பவை. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அவ்வேகத்தில் சுழன்றால், அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 390 மீட்டர் ஓடும். இது காற்றில் ஒலி செல்லும் வேகத்திலும் மிகுதி. இத்தகைய தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் தூயதாகவும் குறைவின்றியும் இருத்தல் வேண்டும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

வரலாற்றுச் சுருக்கம்

கழிவு வாயுவால் காற்றை அமுக்கும் கருத்திற்கு ஸ்விஸ் பொறியியலர் ஆல்பிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்கப் பொறியியலர் ஸான்போர்டு மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு ஏற்றிச் சென்று சோதித்தார். மெல்லிய மலைக்காற்றில் தன் திறனில் மூன்றில் ஒரு பங்கை இழந்த அந்த எஞ்சின், டர்போசார்ஜர் பொருத்தப்பட்டதும் இழந்ததை மீட்டது. லடாக் போன்ற உயர்நிலங்களில் டர்போ பொருத்திய வண்டிகள் மற்றவற்றிலும் நன்றாக ஏறுவதற்குக் காரணமும் இதுவே.

விற்பனைக்கான கார்களில் டர்போசார்ஜர் 1962-இல் அமெரிக்காவில் தோன்றியது. அவற்றுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயரின் வரலாறு பெரிதும் கற்பிக்கத்தக்கது. 3.5 லிட்டர் எஞ்சினிலிருந்து 215 குதிரைத் திறன் பெறப்பட்டது. அதன் அமுக்க விகிதம் 10.25 என உயர்ந்திருந்தமையால், அகால எரிதலைத் தடுக்கத் தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவம் எஞ்சினுக்குள் தெளிக்கப்பட்டது. அதற்கென வண்டியில் தனித் தொட்டி இருந்தது. உரிமையாளர் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர், பழுதுகள் பெருகின. இறுதியில் பல வண்டிகளிலிருந்து டர்போசார்ஜரே கழற்றப்பட்டது. அமுக்கத்தைக் கூட்டுவது எளிது; கூடிய வெப்பத்தை நாள்தோறும் தவறாது அடக்குவதே கடினம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

திறன்: அமுக்கம் வேறு, காற்று வேறு

அமுக்கத்தை இருமடங்காக்கினால் காற்றும் இருமடங்காகும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது பிழை. கீழ்வரும் கணக்கை ஆசிரியர்கள் கரும்பலகையில் செய்து காட்டலாம்.

2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கடி எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். இரு சுற்றுக்கு ஒருமுறை 2 லிட்டர் காற்றை இழுப்பதால், நிமிடத்திற்கு 6,000 லிட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம். சிலிண்டர் 90 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால், நிமிடத்திற்கு 6.5 கிலோகிராம் காற்று செல்கிறது. நிமிடத்திற்கு ஒரு கிலோகிராம் காற்றிற்கு ஏறத்தாழ 22 குதிரைத் திறன் என்பது பெட்ரோல் எஞ்சின்களுக்குத் தொழிலாளர் கையாளும் தோராய விதி. எனவே டர்போ இல்லாத இந்த எஞ்சின் 140 குதிரைத் திறன் தரவல்லது.

இப்போது வெளிக்காற்று 30 பாகை சென்டிகிரேடில் இருப்பதாகவும், அதை இருமடங்கு அமுக்கத்திற்கு உயர்த்துவதாகவும் கொள்வோம். இழப்பே இல்லாத கம்ப்ரெஸரில்கூடக் காற்று 66 பாகை சூடேறும். கம்ப்ரெஸரின் செயல்நிறைவு 70 விழுக்காடு எனில், சூடு 95 பாகை ஏறிக் காற்று 125 பாகையை எட்டும். கெல்வின் அளவில் 303 என்றிருந்தது 398 ஆகிறது. அடர்த்தி இருமடங்காவதற்குப் பதிலாக 2 × 303 ÷ 398, அதாவது 1.52 மடங்கு மட்டுமே ஆகிறது. கூடும் என எதிர்பார்த்த காற்றில் ஏறக்குறைய பாதி வெப்பத்தாலேயே இழக்கப்பட்டது.

இன்டர்கூலர் இக்காற்றை 50 பாகைக்குக் குளிரவைத்தால் நிலைமை மாறும். குழாய்களில் ஏற்படும் அமுக்க இழப்பைக் கழித்தாலும் அடர்த்தி ஏறத்தாழ 1.8 மடங்காகும், திறனும் 250 குதிரையை நெருங்கும். மாறாக, ஒரு சிறு டர்போசார்ஜரை அதன் எல்லைக்கு அப்பால் விரட்டினால், செயல்நிறைவு 60 விழுக்காட்டிற்கு வீழ்ந்து, காற்று 140 பாகையை எட்டும். அமுக்கமானி அதே எண்ணைத்தான் காட்டும். ஆனால் சிலிண்டருக்குள் செல்லும் காற்று குறைவு, வெப்பம் மிகுதி. ஆகவே அமுக்கமானியை மட்டும் பார்த்துத் திறனை மதிப்பிடலாகாது.

இவ்வளவு காற்றை அமுக்குவதற்குக் கம்ப்ரெஸர் ஏறத்தாழ 25 குதிரைத் திறனை உட்கொள்கிறது என்பதும் அறியத்தக்கது. அதனைத் தருவது முழுதும் டர்பைனே. உள்ளங்கையில் அடங்கும் சக்கரம் ஒன்று இவ்வேலையைச் செய்கிறது.

ஒவ்வொரு கம்ப்ரெஸருக்கும் அதை ஆக்கியவர்கள் ஒரு வரைபடம் தருகின்றனர். அதன் இடப்புற எல்லைக்கு அப்பால் காற்றோட்டம் போதாமல் காற்று பின்னோக்கிப் பாயும், சக்கரம் குலுங்கும். வலப்புற எல்லைக்கு அப்பால் சக்கரம் திணறிக் காற்றைச் சூடாக்குவதன்றி வேறு பயன் தராது. எஞ்சின் பெரும்பாலும் எவ்வேகத்தில் ஓடுமோ, அவ்வேகத்திற்குரிய புள்ளிகள் வரைபடத்தின் நடுப்பகுதியில் அமையுமாறு தேர்ந்தெடுப்பதே டர்போசார்ஜர் பொருத்தும் கலையின் முதற்பாடம்.

இணக்கம்: சக்கரத்தின் விட்டம் கேட்கும் விலை

ஆக்ஸிலரேட்டரை மிதித்த நொடியில் கழிவு வாயு மிகுந்து, டர்பைன் வேகம் பெற்று, காற்று அமுக்கப்பட்ட பின்னரே எஞ்சின் முழுத் திறனுடன் எழும். இடைப்பட்ட இக்காலமே தாமதம். 1973-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 170 குதிரைத் திறன் தந்தது. ஆனால் குறைந்த சுற்றுகளில் சோர்ந்திருந்து, பின்னர் திடீரெனப் பாயும் அதன் இயல்பு ஓட்டுநர்களைத் திகைக்கச் செய்தது. வளைவின் நடுவே இத்தகைய திடீர்ப் பாய்ச்சல் நேர்ந்தால் சக்கரங்கள் வழுக்க ஏதுவாகும். எனவே தாமதம் என்பது வசதிக் குறைவு மட்டுமன்று; பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும்.

தாமதத்தின் காரணத்தை எளிய இயற்பியலால் விளக்கலாம். ஒரே வடிவமுள்ள இரு சக்கரங்களில் ஒன்று மற்றதைவிட விட்டத்தில் 10 விழுக்காடு பெரிது என்க. காற்று செல்லும் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது 21 விழுக்காடு கூடும். ஆனால் நிறை விட்டத்தின் மும்மடியையும், சுழற்சிச் சடத்துவம் நிறையோடு விட்டத்தின் இருமடியையும் சேர்த்துப் பொறுத்தவை. ஆகச் சடத்துவம் விட்டத்தின் ஐந்தாம் மடியாக, அதாவது 61 விழுக்காடு கூடுகிறது. பெரிய சக்கரம் சற்று மெதுவாகச் சுழன்றாலே அதே விளிம்பு வேகத்தை எட்டும் என்பதைக் கணக்கில் கொண்டாலும், அதற்கு ஊட்டவேண்டிய இயக்க ஆற்றல் 33 விழுக்காடு மிகுதியே. 21 விழுக்காடு காற்றுக்கு 33 விழுக்காடு ஆற்றலை முன்பணமாகக் கட்டுவது போன்றது இது.

இவ்விலையைக் குறைக்கப் பொறியியலர் கண்ட வழிகள் பல.

முதலாவது, வேண்டுமென்றே சிறியதைத் தேர்தல். ஸ்வீடன் நாட்டு ஸாப் நிறுவனம் 1978-இல் விற்பனைக்கு அனுப்பிய 99 டர்போ, சிறு டர்போசார்ஜரையும் வேஸ்ட்கேட்டையும் கொண்டு, அன்றாட ஓட்டத்திற்குரிய நடுத்தரச் சுற்றுகளிலேயே இழுவிசையை எழுப்பியது. மிக உயர்ந்த திறனை விட்டுக்கொடுத்து இணக்கத்தைப் பெற்ற முறை இது.

இரண்டாவது, பெரிய ஒன்றிற்குப் பதில் சிறிய இரண்டை வைத்தல். ரெனோ நிறுவனம் 1977-இல் பார்முலா 1 பந்தயத்தில் முதன்முதலாக டர்போ எஞ்சினை இறக்கியபோது, தாமதமும் பழுதும் அதைத் தொடர்ந்து வருத்தின. 1979-இல் வீ-6 எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு சிறு டர்போசார்ஜர் என இரண்டு பொருத்தப்பட்டன. அவ்வாண்டு டிஜோன் நகரில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தில் ழான்-பியேர் ழபூய் அவ்வண்டியில் வென்றார்.

மூன்றாவது, கூட்டின் அமைப்பு. டர்பைன் கூட்டின் வாய் குறுகியதானால் வாயு விரைந்து பாயும், இணக்கம் மிகும், ஆனால் உயர்ந்த சுற்றுகளில் எஞ்சின் மூச்சுத் திணறும். அகன்றதானால் இதற்கு நேர்மாறு. இவ்வாயின் அகலத்தை ஓட்டத்தின்போதே மாற்றும் அசையும் இதழ்களைப் போர்ஷே நிறுவனம் 2006-இல் தன் 911 டர்போ பெட்ரோல் வண்டியில் பயன்படுத்தியது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-ஆம், 4-ஆம் சிலிண்டர்களின் வாயுவை ஒரு வழியாகவும், 2-ஆம், 3-ஆம் சிலிண்டர்களின் வாயுவை மற்றொரு வழியாகவும் அனுப்பும் இரட்டை வழிக் கூடும் உண்டு. அடுத்தடுத்து வரும் வாயுத் துடிப்புகள் ஒன்றையொன்று கெடுக்காமல் டர்பைனை முழுவிசையுடன் தாக்க இது உதவுகிறது.

நான்காவது, தண்டைச் சுழற்ற மின்சாரத்தின் துணையை நாடல். 2022-இல் மெர்ஸிடிஸ்-ஏ.எம்.ஜி. எஸ்.எல். 43 வண்டியில் இரு சக்கரங்களுக்கும் இடையே தண்டின் மீது ஒரு மின்மோட்டார் அமைக்கப்பட்டது. வாயு வந்து சேரும் முன்னரே அது கம்ப்ரெஸரைச் சுழற்றிவிடுகிறது.

ஒரு நேர் உதாரணம்

சக்கரத்தின் பொருளே இணக்கத்தையும் திறனையும் எவ்வாறு எதிரெதிர்த் திசையில் இழுக்கும் என்பதற்கு, ஜப்பானின் நிஸான் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். வண்டி தக்க சான்று. அதன் 2.6 லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் உள்ளன. மும்மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்றாக இரு டர்போசார்ஜர்கள் அமைந்தன. அறிவிக்கப்பட்ட திறன் 280 குதிரை.

டர்பைன் சக்கரங்கள் உலோகத்தால் அன்றிச் செராமிக் பொருளால் ஆக்கப்பட்டன. டர்பைன்களில் வழக்கமாகப் பயன்படும் நிக்கல் உலோகக் கலவையின் அடர்த்தி நீரைப்போல் 8 மடங்கு. இத்தகைய சக்கரங்களுக்குரிய ஸிலிக்கன் நைட்ரைடின் அடர்த்தி 3.2 மடங்கே. எனவே சக்கரத்தின் சடத்துவம் பாதிக்கும் கீழே குறைந்தது, இணக்கம் உயர்ந்தது. ஆனால் செராமிக் வெப்பத்தைத் தாங்குவதில் வல்லதெனினும், பீங்கானைப்போல் நொறுங்கும் இயல்புடையது. தொழிற்சாலை குறித்த அமுக்கத்திற்குள் அது நன்கு உழைத்தது. வண்டி உரிமையாளர்கள் அமுக்கத்தைக் கூட்டியபோது சுழற்சி வேகமும் வெப்பமும் எல்லை கடந்தன. சக்கரங்கள் தண்டிலிருந்து பிரிந்து சிதறின.

பந்தயத்திற்கென 1990-இல் வெளியிடப்பட்ட நிஸ்மோ வகை வண்டியில் உற்பத்தியாளரே உலோகச் சக்கரங்களைப் பொருத்தினர். இணக்கத்தில் சிறிது இழந்து, உறுதியில் பெரிதும் பெற்றனர். 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் போட்டித் தொடரின் 29 பந்தயங்களிலும் இவ்வகை வண்டிகளே வென்றன. பின்னர் இவ்வெஞ்சினை மேம்படுத்தியோர் இருவழிகளில் சென்றனர். சற்றுப் பெரிய உலோகச் சக்கரமுள்ள இரு டர்போசார்ஜர்களை வைத்தவர்கள் சாலை ஓட்டத்திற்கேற்ற இணக்கத்தைப் பேணினர். மிகப் பெரிய ஒன்றை வைத்தவர்கள் உச்சத் திறனைப் பெற்றனர்; ஆனால் அத்திறன் எழ எஞ்சின் உயர்ந்த சுற்றுகளை எட்டும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வண்டி எதற்கு என்ற வினாவிற்கு விடை கண்ட பின்னரே டர்போசார்ஜரைத் தேர்தல் முறை என்பது இதனால் விளங்கும்.

ஒலி: ஆற்றலின் எச்சம்

டர்போ எஞ்சினின் ஒலி மூன்று இடங்களிலிருந்து எழுகிறது.

முதலாவது, புகைக்குழாயின் முழக்கம். நான்கடி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால், 6,000 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 200 துடிப்புகளையும், ஆறு சிலிண்டர் எஞ்சின் 300 துடிப்புகளையும் எழுப்பும். ஆனால் டர்பைன் இத்துடிப்புகளின் ஆற்றலை உறிஞ்சிவிடுவதால் முழக்கம் தணிகிறது. 2014-இல் பார்முலா 1 பந்தயம் 2.4 லிட்டர் வீ-8 எஞ்சினை விட்டு 1.6 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு மாறியபோது, ஒலி குன்றிவிட்டதென ரசிகர்கள் குறைகூறினர். அவ்வாண்டு ஓர் அணி ஊதுகொம்பு போன்ற வாயை வைத்துச் சோதித்தும் பெரும் பயன் விளையவில்லை. 2016 முதல் வேஸ்ட்கேட் வாயுவைத் தனிக் குழாய் வழியே வெளியேற்றுமாறு விதி செய்யப்பட்டது. டர்பைனுக்குள் புகாத வாயுவில் ஆற்றல் குறையாதிருப்பதால், அதன் ஒலியும் குறையாதிருக்கும் என்பதே இதன் தத்துவம். காதில் விழும் ஒலி, டர்பைன் பிடிக்காது விட்ட ஆற்றலேயாம்.

இரண்டாவது, சீழ்க்கை ஒலி. தண்டு நிமிடத்திற்கு 90,000 சுற்றுச் சுழன்றால் விநாடிக்கு 1,500 சுற்று. தண்டின் நுண்ணிய சமநிலைக் குறை இதே அதிர்வெண்ணில் சீழ்க்கையாகக் கேட்கும். வழக்கமான சீழ்க்கை திடீரென உரத்து ஒலித்தால், சக்கரம் கூட்டில் உரசுகிறதென்றோ, காற்றுக் குழாய் கசிகிறதென்றோ ஐயுறவேண்டும். களப் பணியாளருக்கு இவ்வொலி ஒரு நோய்க்குறி.

மூன்றாவது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எழும் பெருமூச்சு. திராட்டில் மூடியவுடன் அமுக்கப்பட்ட காற்றுக்குப் போக்கிடமின்றிக் கம்ப்ரெஸரை நோக்கித் திரும்புகிறது. அதை வெளியேற்ற ஒரு வால்வு வைக்கப்படுகிறது. பெரும்பாலான வண்டிகளில் அக்காற்று மீண்டும் கம்ப்ரெஸரின் வாயிலுக்கே திருப்பப்படும்; ஒலி கேளாது. சிலர் ஒலிக்காக அதை நேரே வெளியில் விடும் வால்வைப் பொருத்துகின்றனர். நுழையும் காற்றை முன்னரே அளந்து அதற்கேற்ப எரிபொருள் செலுத்தும் எஞ்சின்களில் இது தவறு. அளந்த காற்று வெளியேறிவிட, எரிபொருள் மட்டும் மிகுந்து, எஞ்சின் ஒரு கணம் திக்கும், புகை கருக்கும். வேறு சிலர் அவ்வால்வை முற்றிலும் அகற்றி, காற்று பின்னோக்கிப் பாயும் படபடப்பையே இசையாகக் கொள்கின்றனர். ஒவ்வொரு படபடப்பும் தண்டின் தாங்கிகளுக்கு விழும் அடி என்பதை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

தட்டல்: பிஸ்டனின் பகைவன்

பெட்ரோல் கலவை பொறியால் பற்றி ஒழுங்காகப் பரவி எரியவேண்டும். கலவை மிக வெப்பமாகவும் மிக அமுக்கமாகவும் இருந்தால், தீ சென்று சேருமுன்னரே மூலையிலுள்ள பகுதி தானாக வெடித்துவிடும். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழுவதால் இது தட்டல் எனப்படுகிறது. தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டன் துளைபடும், வளையங்கள் முறியும்.

தட்டலைத் தவிர்க்க நான்கு வழிகள் உள்ளன: காற்றைக் குளிரவைத்தல், உயர்ந்த ஆக்டேன் எரிபொருள், பொறியைச் சற்றுத் தாமதித்தல், அமுக்க விகிதத்தைக் குறைத்தல். முன்னர்க் கூறிய பி.எம்.டபிள்யூ. வண்டி விகிதத்தை 6.9 வரை குறைத்தது. அதனாலேயே குறைந்த சுற்றுகளில் சோர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஸாப் நிறுவனம் தட்டலை உணரும் கருவியைப் பொருத்தி, தட்டல் தோன்றியவுடன் வேஸ்ட்கேட்டைத் திறந்து அமுக்கத்தைக் குறைக்கும் முறையைக் கையாண்டது. இன்றைய எஞ்சின்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இவ்வேலையை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே செய்கிறது. டர்போசார்ஜரை மாற்றிவிட்டு இப்பெட்டியின் கணக்குகளை மாற்றாது விடுவது, ஆளுக்கு அளவெடுக்காமல் சட்டை தைப்பதை ஒக்கும்.

மாற்றத்தின் ஒழுங்கு

மாற்றம் செய்வதெனின் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் அது தலைகீழாகவே செய்யப்படுகிறது.

1. முதலில் எஞ்சினின் உடல்நலத்தை அறிக. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து, அவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க.

2. எண்ணெய், குளிர்நீர் ஆகியவற்றின் வழிகளைச் செம்மை செய்க. எண்ணெய் திரும்பும் குழாய் அகலமாகவும் மடிப்பின்றியும் கீழ்நோக்கிச் சரிந்தும் இருத்தல் வேண்டும்.

3. இன்டர்கூலரையும் காற்றுக் குழாய்களையும் சரிபார்க்க. கசிவு உள்ளவரை புதிய டர்போசார்ஜர் வீண் வேலையே செய்யும். வேகமும் எல்லை கடக்கும்.

4. எரிபொருள் பம்பும் இன்ஜெக்டர்களும் கூடுதல் காற்றுக்கு ஈடுகொடுக்குமா எனக் கணக்கிடுக. உயர்ந்த அமுக்கத்தில் எரிபொருள் குறைந்தால் கேடு நொடியில் நேரும்.

5. பிரேக், கிளட்ச், டயர் ஆகியவற்றை வலுப்படுத்துக. வேகம் ஒன்றரை மடங்கானால், நிறுத்தவேண்டிய இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகும்.

6. இவையனைத்தும் முடிந்த பின்னரே டர்போசார்ஜரை மாற்றி, சோதனை மேடையில் வெப்பநிலையையும் தட்டலையும் அளந்துகொண்டே அமுக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

கடும் ஓட்டத்திற்குப் பின் எஞ்சினை உடனே நிறுத்தலாகாது. பெட்ரோல் எஞ்சினின் டர்பைனுக்குள் வரும் வாயு 950 பாகையையும் எட்டவல்லது. எண்ணெய் ஓட்டம் திடீரென நின்றால், தாங்கியில் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவதே நன்று.

இந்தியாவில் இத்தகைய மாற்றங்களுக்குச் சட்ட வரம்பும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. புகைக்குழாயில் ஒலி குறைக்கும் சைலன்ஸர் இருத்தல் வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு விதிகளில் அடங்கியுள்ளது. பந்தயக் களத்திற்கெனச் செய்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது பிறர் உயிருக்கும் உறக்கத்திற்கும் ஊறு செய்வதாகும்.

வகுப்பறைச் சோதனைகள்

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துப் பலமுறை விரைந்து அழுத்துக. பின் அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்க. அமுக்கிய காற்று சூடேறும் என்பதை மாணவர் கையாலேயே உணர்வர். இன்டர்கூலரின் தேவைக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

தடித்த அட்டையில் 10 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரு வட்டங்களை வெட்டி, பென்சில்களில் கோத்து விரலால் சுழற்றச் செய்க. பெரிய வட்டம் சுழலத் தயங்குவதும், சுழன்றபின் நிற்கத் தயங்குவதும் தெரியவரும். அட்டையின் தடிமன் ஒன்றேயாதலால் இங்கே சடத்துவம் நான்காம் மடியாகக் கூடி 16 மடங்காகிறது. தடிமனும் சேர்ந்து வளரும் உண்மையான சக்கரத்தில் அது 32 மடங்காகும் என்பதை ஒப்பிட்டு விளக்கலாம்.

சுருக்கம்

டர்போசார்ஜர் ஆற்றலைப் படைப்பதில்லை. வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மீட்டுப் பங்கிடுகிறது. அப்பங்கீட்டில் உச்சத் திறனுக்கு எவ்வளவு, இணக்கத்திற்கு எவ்வளவு, ஒலிக்கு எவ்வளவு என்று முன்னரே தீர்மானிப்பவன் நல்ல மெக்கானிக். தீர்மானிக்காது பெரியதைப் பொருத்துபவன், அத்தீர்மானத்தை எஞ்சினின் மிக மெலிந்த உறுப்பிடம் விட்டுவிடுகிறான்.

பயிற்சி வினாக்கள்

1. வெளிக்காற்று 30 பாகைக்குப் பதில் 40 பாகையாக இருந்தால், மேற்கூறிய கணக்கில் இருமடங்கு அமுக்கிய காற்றின் வெப்பநிலை என்ன ஆகும்? (விடை: ஏறத்தாழ 138 பாகை.)

2. ஒரே வடிவமுள்ள சக்கரத்தின் விட்டம் 20 விழுக்காடு கூடினால், காற்றுப் பரப்பும் சடத்துவமும் எத்தனை மடங்காகும்? (விடை: 1.44, ஏறத்தாழ 2.5.)

3. செராமிக் சக்கரம் தரும் நன்மை யாது? அதன் எல்லை யாது?

4. வேஸ்ட்கேட் வாயுவின் ஒலி, டர்பைன் வழியே வந்த வாயுவின் ஒலியைவிட உரத்திருப்பது ஏன்?